ஷாமளா ‘சரி’ சொன்ன ஞாயிறு

என் மருமகள் ஷாமளா என்ன வேலை செய்கிறாள் என்று யாராவது கேட்டால், “கூலிம்ல கம்ப்யூட்டர் கம்பெனி” என்று சொல்லி முடித்துவிடுவேன். கேட்டவர்களும் அதற்கு மேல் கேட்கமாட்டார்கள். இப்போது அப்படி முடிக்க முடியாது. பாடாங் மேஹா தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பால்குடிக்கும் பிள்ளையைத் தவிர அத்தனை பேருக்கும் அவள் வேலை என்னவென்று தெரியும். எப்படித் தெரிந்தது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

அவள் செர்டாங் பக்கத்துப் பெண். அப்பா தோட்டத்தில் எண்ணெய்க்குச் செம்பனைக் குலை வெட்டியவர். தமிழ்ப்பள்ளியில் படித்து, பிறகு பாலிடெக்னிக்கில் படித்து, கூலிம் கம்பெனியில் சேர்ந்த பிறகுதான் என் மகன் பரஞ்சோதி அவளைப் பார்த்தான். அவன் அந்தக் கம்பெனிக்கு ஆள் ஏற்றும் பஸ் ஓட்டுகிறான். எல்லாரும் இறங்கின பிறகு இருக்கையில் கிடக்கும் தண்ணீர் போத்தலையும் குடையையும் எடுத்து முன்னால் வரிசையாக அடுக்கி வைத்துவிட்டு இறங்குவாளாம். அதில் விழுந்தான் என் மகன்.

எனக்கு அந்த அடுக்குகிற புத்திதான் முதலில் பிடிக்கவில்லை. கல்யாணமாகி வந்த வாரமே என் சமையலறை அலமாரியைப் பிரித்து அடுக்கினாள். பெருங்காயத்தை எடுத்துப் புது டப்பாவில், புது இடத்தில் வைத்தாள். புருஷனிடம் சொன்னாள், என்னிடம் சொல்லவில்லை. நான் பழைய இடத்தில் கைவிட்டுத் துழாவி, கிடைக்காமல், இல்லாமலேயே ரசம் வைத்தேன். வீட்டில் ஒருத்தரும் கண்டுபிடிக்கவில்லை. ரசம் கொதித்தது, பொங்கியது, எல்லாரும் ஊற்றிச் சாப்பிட்டார்கள். மறுநாள் நான் எல்லாவற்றையும் பழையபடி மாற்றி வைத்தேன். அவள் மறுபடி மாற்றினாள். கடைசியில் பெருங்காயத்துக்கு மட்டும் என் இடம், மற்றதற்கெல்லாம் அவள் இடம் என்று ராசியானோம்.

அவள் வேலையைச் சொல்ல வருகிறேன். எழுத்து தெரியாத எனக்கே புரிந்திருக்கிறது, உங்களுக்குப் புரியாதா?

தண்ணீர் பம்ப்புக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி இருக்குமே, அதற்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு பச்சைத் தகடு இருக்கும். அதில் கறுப்பாக வண்டு மாதிரி ஒன்று உட்கார்ந்திருக்கும். தொட்டி நிறைந்தால் நிறுத்து, கிணற்றில் தண்ணீர் இல்லாவிட்டாலும் நிறுத்து என்று அந்த வண்டுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பாடத்துக்குப் பேர் ஃபர்ம்வேர். அதை எழுதுகிறவர்கள் கம்பெனியில் பல பேர். ஷாமளா எழுதுகிறவள் இல்லை. எழுதினதைக் கட்டிக் கொடுக்கிறவள்.

அதை இப்படிப் பாருங்கள். கல்யாண வீட்டில் சமையல் ஒன்றுதான். வீட்டுக்கு எடுத்துப்போகச் சாப்பாட்டைப் புங்குஸ் கட்டிக் கொடுக்கும்போது ஒருவர் அடுக்குக் கேரியர் நீட்டுவார், ஒருவர் வாளி நீட்டுவார், ஒருவர் வெறுங்கையோடு வந்து பிளாஸ்டிக் பை கேட்பார். அதே மாதிரி, தகடு வாங்குகிற ஒவ்வொரு ஒர்க் ஷாப்பும் தன் கணினியில் ஒவ்வொரு மென்பொருள் வைத்திருக்கிறது. ஒன்றுக்குக் கட்டினது இன்னொன்றில் திறக்காது. யாருக்கு எந்தப் பாத்திரமோ அதற்கேற்றபடி கட்டிக் கொடுக்க ஒரு கருவி இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்வதுதான் ஷாமளாவின் வேலை. கட்டிக் கொடுப்பதை எக்ஸ்போர்ட் என்பார்கள். கட்டினது அங்கே போய்ச் சரியாக வேகிறதா என்று பார்ப்பது பில்ட். வெந்தால் கணினியில் பச்சை வரும், வேகாவிட்டால் சிவப்பு.

சோறு ருசியாக இருந்தால் சமைத்தவனுக்குப் பேர். குழம்பு வழியில் கொட்டினால்தான் கட்டினவள் பேர் வெளியே வரும். அவளும் அதைச் சொல்லிச் சிரிப்பாள். “என் பேரு யாருக்கும் தெரியலன்னா நான் நல்லா வேலை செய்றேன்னு அர்த்தம் அத்தை.”

இருக்கிற பாத்திரங்களிலேயே பழையது பாடாங் மேஹா முச்சந்தியில் இருக்கும் தர்மலிங்கத்தின் ஒர்க் ஷாப்புடையது. தோட்டங்களுக்குப் பம்ப் பெட்டி செய்து மாட்டுகிறவர். ஒரு மென்பொருளைக் கட்டிக்கொண்டு, கணினி செத்தால்தான் மாற்றுவேன் என்று உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பாத்திரத்தை விட்டுத்தள்ளு என்று ஷாமளாவின் மேனேஜர் அம்மா வருடா வருடம் சொல்லுவார். இவள் விடமாட்டாள். காரணம் யோகா.

யோகேந்திரன் எங்கள் லயத்துப் பையன். நாங்கள் கூலிமுக்கு வீடு மாறி வரும்வரை அடுத்தடுத்த வாசல். அவன் அம்மா இராசாத்தியும் நானும் ஒரே வெட்டில் ரப்பர் பால்மரம் வெட்டினவர்கள். என் பேத்தி திலகாவுக்குத் தோட்டத்துக் கோயிலில் காது குத்தினோம். தாய்மாமன், அதாவது ஷாமளாவின் தம்பி தேவன், செர்டாங்கிலிருந்து வரவேண்டும். வழியில் வண்டி படுத்துவிட்டது. நல்ல நேரம் போகிறது, ஆசாரி கடிகாரத்தைப் பார்க்கிறார், மணை காலியாகக் கிடக்கிறது. அப்போது பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்த யோகாவை இழுத்து உட்கார வைத்து மடியில் குழந்தையைக் கொடுத்தேன். “நீ ஒண்ணும் செய்ய வேணாம்டா, சும்மா உட்காரு. மணை காலியா இருக்கக் கூடாது” என்றேன். தேவன் ஓடி வந்ததும் யோகா எழுந்துகொண்டான், தேவன் உட்கார்ந்தான், காது குத்தினோம். அன்றிலிருந்து யோகா ஷாமளாவை ‘அக்கா’ என்று கூப்பிடுவது வெறும் வாய் மரியாதைக்கு இல்லை. படிப்பு முடிந்ததும் தர்மலிங்கத்திடம் சேர்ந்தான், ஒர்க் ஷாப் வேலை அவன் கைக்கு நன்றாக வந்தது. கோயில் திருவிழாவுக்கு வயர் போட்டு விளக்கு இழுப்பது, சீரியல் பல்பு போடுவது எல்லாம் வருடா வருடம் அவன்தான்.

பொங்கலுக்கு முன்னால் ஷாமளா கம்பெனியில் கணினிக்குள் இருக்கும் தன் அலமாரியைப் பிரித்து அடுக்கினாள். பல வருடமாகச் சேர்ந்த குப்பையைக் கழித்து, ஒவ்வொரு ஃபைலையும் இருக்கவேண்டிய இடத்தில் வைத்தாள். வீட்டுக்கு வந்து சந்தோஷமாகச் சொன்னாள். “இப்ப கண்ண மூடிக்கிட்டு எடுக்கலாம் அத்தை.”

பொங்கல் கழிந்த ஒரு ஞாயிறு. யோகா லயத்திலிருந்து ஒரு கட்டு முருங்கைக்கீரை கொண்டு வந்தான். நான் டீ போட்டுக் கொடுத்தேன். ஷாமளா கூடத்தில் உட்கார்ந்து திலகாவுக்கு எண்ணெய் வைத்துத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். கணினி பக்கத்து மேசையில் மூடிக் கிடந்தது. கை நீட்டினால் எட்டும்.

“அக்கா, நீங்க அனுப்புன புது ப்ராஜெக்ட்ட கடை கம்ப்யூட்டர்ல ஏத்திட்டேன். பச்சை வந்துருச்சு” என்றான்.

“வராம? நான் அனுப்புனதுடா.”

“அது இல்லக்கா. என்னமோ எளைச்சாப்பல தெரியுது. போன தடவை இருந்ததுல ஏதோ கொறையுற மாதிரி. சரிதானா?”

அவள் நிமிரவில்லை. சீப்பு பல்லில் இருந்தது. அதை எடுத்துவிட்டுச் சொன்னாள். “சரிதான்டா. நாந்தான் கூட்டிப் பெருக்கினேன். குப்பை போச்சு, எளைக்காம என்ன செய்யும்? நீ சும்மா மண்டையக் கொழப்பிக்கிட்டு பீனிங் ஆகாத லா.”

“நீங்க சரின்னா சரி” என்று டீயைக் குடித்துவிட்டுப் போனான்.

அந்த வாரமே தோட்டத்துப் பம்ப் பெட்டி இரண்டிலும் புதுப் பாடத்தை ஏற்றினான். ஒன்று ஓடுகிற பம்ப், மற்றொன்று மாற்றுக்கு இருக்கிற பம்ப். ஆற்றோரக் கிணற்றிலிருந்து மேட்டுத் தொட்டிக்கு ஏற்றி, அங்கிருந்துதான் லயம் முழுக்கத் தண்ணீர் இறங்கும்.

மாசி மாத வெயிலில் கிணறு அடிமட்டத்துக்குப் போனது. பம்ப் நிற்கவில்லை. வெறும் சட்டி அடுப்பில் காய்ந்தால் என்ன ஆகும்? எரிந்துபோனது. மாற்றுப் பம்ப்பின் சுவிட்சைத் தட்டினார்கள். அதுவும் காய்ந்து எரிந்தது.

பரஞ்சோதிதான் செய்தி கொண்டு வந்தான். சனிக்கிழமை மத்தியானம், சாப்பிட உட்கார்ந்திருந்தோம்.

“யோகாவ தர்மலிங்கம் அண்ணே வேலைய விட்டு நிப்பாட்டிட்டாராம்.”

“ஏன்டா?” என்றேன்.

“தோட்டத்துல ரெண்டு பம்ப்பும் எரிஞ்சுபோச்சு. வயர மாத்திக் கட்டிட்டான்னு சொல்றாங்க. லயத்துல குளிக்கக்கூடத் தண்ணி இல்ல. பொம்பளைங்க வாளியத் தூக்கிக்கிட்டு லாரிக்கு நிக்கிறாங்க.”

ஷாமளா தட்டிலிருந்து கையை எடுத்தாள். “தண்ணி இல்லாம ஓடுச்சா? தானா நிக்கலயா?”

“நின்னா ஏன் எரியுது?”

அவள் எழுந்து போய் இடது கையால் கணினியைத் திறந்தாள். வலது கையில் சோறு ஒட்டியிருந்தது. அது காய்ந்து உதிரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள். நான் தட்டை மூடி வைத்தேன். பரஞ்சோதி பக்கத்தில் போய் நின்றான்.

“என்ன?”

“நான்தான்” என்றாள். “தண்ணி இல்லன்னா நிறுத்துன்னு சொல்ற ஃபைல நான் எடம் மாத்தி வெச்சேன். மத்த எல்லாருக்கும் கட்டுற எடத்துல புது அடுக்கப் பாருன்னு எழுதிட்டேன். தர்மலிங்கம் அண்ணேவோட பழசுக்கு மட்டும் எழுதல. அது பழைய எடத்துல கையவிட்டுப் பார்த்துட்டு, இல்லன்னதும் இல்லாமயே கட்டிருச்சு.”

எனக்கு உடனே பெருங்காயம் ஞாபகம் வந்தது.

“அப்பறம் எப்படிப் பச்சை வந்துச்சு?” என்றான் பரஞ்சோதி.

“அந்த எடத்துல ஒரு பொம்மை இருக்கும். நெஜமானது வந்தா பொம்மை ஒதுங்கிக்கும். வரலன்னா பொம்மை அப்படியே உட்கார்ந்திருக்கும், ஒண்ணும் செய்யாது. எடம் காலியா இல்லல்ல, அதனால பில்ட் ஆயிரும்.” கணினியை மூடினாள். “அவன் என்னக் கேட்டான்.”

திங்கட்கிழமை கம்பெனிக்குப் போய் மேனேஜர் அம்மாவிடம் சொன்னாள். அந்த அம்மா கத்தவில்லையாம். கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னாராம்: சத்தமில்லாமல் திருத்தி இன்றைக்கே அனுப்பிவிடு, எரிந்த பம்ப்பைப் பற்றி நீ யாரிடமும் பேசாதே, கம்பெனி பேர் அதில் வரக்கூடாது, உனக்குப் பதவி உயர்வு வரப்போகிற நேரம், யோசித்துக்கொள். அந்தப் பழைய பாத்திரத்தையும் இந்த வருடத்தோடு நிறுத்திவிடு.

திருத்தினாள், அனுப்பினாள். தர்மலிங்கம் வேறு ஒருவனை வைத்துப் புதுப் பம்ப் மாட்டி, அவள் அனுப்பினதை ஏற்றினார். கிணறு வற்றினால் பம்ப் நின்றது, ஊறினால் ஓடியது. லயத்தில் தண்ணீர் வந்தது.

வந்த தண்ணீரால்தான் யோகாவின் பேர் முழுசாகப் போனது. அதற்கு முன்னால் சந்தேகம்தான். இப்போது கண்ணால் பார்த்த சாட்சி ஆகிவிட்டது. “அவன் கை எடுத்ததும் பம்ப்பு ஓடுது பாரு” என்று குழாயடியில் பேச்சு. இராசாத்தி காதுபடவே ஒருத்தி சொன்னாளாம்: “உன் மகன் கை வெச்சா கங்கையே வந்தாலும் வத்திப்போயிரும்.” இராசாத்தி எனக்குப் போன் போட்டு அழுதாள். நான் என்ன சொல்வேன்? உண்மை தெரிந்த வாயை வைத்துக்கொண்டு, “காலம் சரியில்லடி” என்றேன். போனை வைத்துவிட்டுத் திரும்பினால் ஷாமளா நின்றுகொண்டிருந்தாள்.

அந்த நாட்களில் அவளைப் பார்க்கவே மனசு பொறுக்காது. எங்கள் வீட்டுக் குழாயில் ஒரு குறையும் இல்லை, இவள் வாளி, குடம், அண்டா என்று ஒன்று விடாமல் பிடித்து நிரப்பி வைத்தாள். இரண்டு செம்பு ஊற்றிக்கொண்டு குளித்ததாகப் பேர் பண்ணிவிட்டு வருவாள். திலகாவின் பள்ளிப்பையை மூடி, திறந்து, மறுபடி மூடி, மறுபடி திறப்பாள். “அம்மா, பஸ் போயிரும்மா” என்று குழந்தை கத்தும். ‘சரி’ என்ற சொல் அவள் வாயிலிருந்து போய்விட்டது. “ரசத்துல உப்பு சரியா இருக்கா?” என்று கேட்டால்கூட, எடுத்து நக்கிப் பார்த்து, மறுபடி நக்கிப் பார்த்து, “இருக்கிற மாதிரி இருக்கு அத்தை” என்பாள்.

போய் யோகாவிடம் சொல்லிவிடப் போகிறேன் என்றாள். நான் கூடாது என்றேன்.

“சொல்லி என்னடி ஆகப்போவுது? தண்ணி வந்துருச்சு. அவன் கைத்தொழில்காரன், பீடோங் பக்கம் போனா நாலு ஒர்க் ஷாப்பு கூப்பிடும். ஒன் வேல போனா, அந்த மாதிரி கம்பெனி வாசல்ல இன்னொரு தடவை மிதிக்க முடியுமா?”

“அவன் என்னக் கேட்டான் அத்தை.”

“கேட்டான்தான். ஒனக்கு ஆயிரம் சோலி, நீ பாக்கல. ஒலகத்துல யாரும் செய்யாததா?”

“பக்கத்துலதான் கெடந்துச்சு கம்ப்யூட்டரு. கைய நீட்டல.”

“கையில எண்ணெய்டி!”

“தொடைச்சிருக்கலாம்.”

இதற்கு மேல் என்ன பேசுவது? நான் எதைச் சொன்னாலும் அவள் சுற்றி வந்து நிற்பது அந்த ஒரு சொல்லில்தான், அவன் கேட்டான். அடுப்பு எரியவேண்டிய வீட்டில் அந்த அடுப்பைப் பார்த்துத்தான் பேசவேண்டும் என்று அன்றைக்குச் சொன்னேன். இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். என் வீட்டுப் பிள்ளைக்காகத்தான் சொன்னேன், ஊரான் பிள்ளை கெட்டுப்போகட்டும் என்று சொல்லவில்லை.

பங்குனி உத்திரத்துக்கு முந்தின ஞாயிறு தோட்டத்துக் கோயிலில் கூட்டம் போட்டார்கள். காலையில் இராசாத்தியின் போன் வந்தது. திருவிழாவுக்கு விளக்கு இழுக்கிற வேலையை இந்த வருடம் யோகாவுக்குக் கொடுப்பதில்லை என்று பேசிக்கொள்கிறார்களாம். தர்மலிங்கம்தான் கோயில் செயலாளர். அவரே சொன்னாராம், பம்ப்பை எரித்தவன் கோயிலை எரித்துவிட்டால் யார் பதில் சொல்வது என்று.

ஷாமளா சேலையை மாற்றினாள். நானும் செருப்பை மாட்டினேன். “நீங்க ஏன் அத்தை?” என்றாள். “ஒன்னத் தடுக்கத்தான். வீட்டுல உட்கார்ந்தா எப்படித் தடுக்குறது?” என்றேன். பரஞ்சோதி காரை எடுத்தான். வழி நெடுகத் தடுத்துக்கொண்டுதான் போனேன். செம்பனை மரம் இரண்டு பக்கமும் ஓடியது, அவள் அதையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

கோயில் கொட்டகையில் ஆம்பிளைகள் நாற்காலியிலும் பெண்கள் தூணோரத்திலும் உட்கார்ந்திருந்தார்கள். யோகா வெளியே குழாயடியில் அன்னதான அண்டாக்களைக் கழுவிக்கொண்டிருந்தான். உள்ளே தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் தேய்த்துக்கொண்டிருந்தான்.

ஷாமளா நேரே போய் நடுவில் நின்றாள். “தர்மலிங்கம் அண்ணே, ஒரு விஷயம் சொல்லணும். பம்ப்பு எரிஞ்சது யோகாவால இல்ல. என்னால.”

“ஒன்னாலயா?” அவர் சிரித்தார். “நீ கூலிம்ல ஏர்கான்ல உட்கார்ந்திருக்கே. இங்க கெணத்துல எறங்குனியா?”

“கம்பெனியில இருந்து நான் அனுப்புனதுலயே தப்பு. தண்ணி இல்லன்னா நிறுத்துற பகுதிய வெக்காமயே கட்டி அனுப்பிட்டேன். அவன் ஒழுங்காத்தான் ஏத்துனான், வயரும் ஒழுங்காத்தான் கட்டுனான்.”

“ஒரு பகுதி இல்லன்னா அது எப்படிம்மா ஏறும்? செவப்பு வரணும்ல? பச்சைதான் வந்துச்சு, நானே பார்த்தேன்.”

“பச்சைதான் வரும் அண்ணே, அந்த எடத்துல…” என்று ஆரம்பித்து என்னென்னவோ ஆங்கிலத்தில் சொன்னாள். கொட்டகை முழிக்கிறது. பின்னாலிருந்து ஒரு கிழவர், “தம்பிக்கு வேல வாங்கிக் குடுக்க வந்திருக்கா, பாவம்” என்றார். நாலு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் அவளைச் சுட்டது என்று நினைக்கிறேன். பேச்சை நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள், பிறகு சாமி சன்னதிக்கு முன்னால் இருந்த இடத்தைப் பார்த்தாள்.

“திலகாவுக்கு இங்கதானே காது குத்துனோம்? என் தம்பி தேவன் வர்ற வரைக்கும் மணையில யாரு உட்கார்ந்தது?”

“யோகா” என்றாள் தூணோரத்தில் ஒருத்தி.

“என்ன செஞ்சான்?”

“என்ன செய்வான்? சும்மா உட்கார்ந்தான்.”

“தேவன் கடைசி வரைக்கும் வராமலே போயிருந்தா? தள்ளி நின்னு பார்க்கிறவங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா, அது தாய்மாமன் இல்லன்னு? மணையில ஆள் இருக்கு, அவ்ளோதான். அந்தப் பெட்டிக்குள்ளயும் அப்படித்தான். தண்ணி இல்லன்னா நிறுத்துற ஆளோட மணையில சும்மா ஒருத்தன உட்கார வெச்சிருப்பாங்க. நெஜ ஆள நான் அனுப்பி வெக்கணும். அனுப்பல. மணை காலியா இல்லைன்னு பச்சை வந்துருச்சு. தண்ணி வத்துனப்ப, நிறுத்துறதுக்குத்தான் ஆள் இல்ல.”

கொட்டகையில் சிரிப்பு நின்றது.

“அப்ப இப்ப மட்டும் எப்படி நிக்குது?” என்றார் தர்மலிங்கம். குரல் இறங்கியிருந்தது.

“நெஜ ஆள அனுப்பிட்டேன். மறு வாரமே. யாருக்கும் தெரியாம. யோகா ஏத்துறதுக்கு முன்னாடி எங்க வீட்டுக்கு வந்து கேட்டான், ஏதோ கொறையுதே, சரிதானான்னு. சரின்னு சொன்னேன். பார்க்காம சொன்னேன்.”

இராசாத்தி எழுந்தாள். மருமகளைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். “காலம் சரியில்லன்னு சொன்னியேடி” என்றாள். அவ்வளவுதான். முந்தானையை உதறிக்கொண்டு போய்விட்டாள். ஏசியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

தர்மலிங்கம் மீசையைத் தடவினார். “ஒண்ணு வயரு, இல்ல கம்ப்யூட்டரு. எவன் தலையிலயாவது விழத்தானே செய்யுது” என்று முணுமுணுத்துவிட்டு வெளியே பார்த்துக் கத்தினார். “டேய் யோகா! நாளைக்குக் கடைக்கு வா. வெளக்கும் நீயே இழுத்துரு. வேற எவனும் மரத்துல ஏறமாட்டான்.” அவர் கேட்ட மன்னிப்பு இதுதான்.

யோகா குழாயடியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். அண்டாவைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஷாமளா அவனிடம் போனாள். நானும் பின்னால் போய்க் கொஞ்சம் தள்ளி நின்றேன்.

“யோகா…”

“நான் கேட்டேன்லக்கா” என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. மெதுவாகச் சொன்னான். “ஒங்க வீட்டுல, டீய கையில வெச்சுக்கிட்டுக் கேட்டேன்.”

“கேட்டே.”

“என் கண்ணுக்கே என்னமோ தெரிஞ்சுச்சு. ஒங்க பேச்சுல அத விட்டுட்டேன். எரிஞ்ச அன்னையிலேருந்து நான் எதைத் தப்பாக் கட்டுனேன்னு யோசிச்சு யோசிச்சு, என் கை மேலயே எனக்கு நம்பிக்கை போச்சு. ஒரு ஸ்விட்ச்ச மாட்டக்கூடப் பயமா இருந்துச்சு. பார்த்திருக்கலாம்லக்கா.”

“பார்த்திருக்கலாம்” என்றாள். மன்னிச்சிரு என்று சொல்வாள் என்று நான் காத்திருந்தேன். அவள் வாயில் அது வரவில்லை. குனிந்து ஒரு அண்டாவை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். அவன் வேண்டாம் என்று தடுக்கவில்லை, கூடச் சேர்ந்து தேய்க்கவும் இல்லை. ஏணியைத் தூக்கிக்கொண்டு விளக்கு இழுக்கப் போய்விட்டான். நல்ல சேலையில் சாம்பலோடு அவள் கடைசி அண்டா வரை தேய்த்துவிட்டுத்தான் காரில் ஏறினாள்.

மறுநாள் தானே மேனேஜர் அம்மாவிடம் போய், தோட்டத்தில் சொல்லிவிட்டேன் என்று சொன்னாள். வேலை போகவில்லை. பதவி உயர்வு இன்னொருத்திக்குப் போனது. இனிமேல் வாடிக்கையாளரிடம் நேரே பேசக்கூடாது என்று உத்தரவும் போட்டார்கள். நான் சொன்னேனே என்று சொல்லிக் காட்டினேன். சொல்லாமல் இருப்பேனா? “ஆமா அத்தை” என்று சொல்லிவிட்டு வெங்காயம் நறுக்கினாள்.

பழைய பாத்திரத்தை மட்டும் அவள் நிறுத்தவில்லை. நிறுத்தினால் நானும் வேலையை விட்டு நிற்கிறேன் என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டாளாம். அந்தக் கருவியில் இன்னொன்றும் செய்திருக்கிறாள். மணையில் சும்மா உட்கார்ந்த ஆள் மட்டும் இருந்தால் இனிப் பச்சை வராதாம். சிவப்பு வந்து, இன்ன ஆள் வரவில்லை என்று பேர் சொல்லிக் கூப்பிடுமாம். அதை எனக்கு விளக்கும்போது சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. “இத முன்னாடியே செஞ்சிருக்கலாம்” என்றாள். எதைச் செய்தாலும் அந்தச் சொல் ஒன்று பின்னாலேயே வருகிறது.

யோகா இப்போதும் வருகிறான். கம்பெனி உத்தரவு கம்பெனிக்கு, வீட்டு வாசல் வீட்டுக்கு. ஆனால் உள்ளே வருவதில்லை. வாசல் கேட்டுக்கு வெளியே மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்தபடி, இஞ்சினைக்கூட அணைக்காமல் கேட்பான். “அக்கா, புதுசு ஏத்தப் போறேன். சரியா இருக்கா?”

அவள் சரி என்று சொல்லமாட்டாள். “இரு, பார்த்துட்டுச் சொல்றேன்” என்று உள்ளே வந்து, கையைத் துடைத்து, கணினியைத் திறந்து உட்காருவாள். ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். நேரமாகும். அவன் வெயிலில் காத்திருப்பான், கூப்பிட்டாலும் உள்ளே வரமாட்டான்.

நான் டீ போட்டு எடுத்துக்கொண்டு போய் வாசல் தூண் மேல் வைப்பேன். முதலில் தொடவில்லை. ஆறி, எறும்பு ஏறி, நானே கொட்டினேன். அடுத்த தடவையும் வைத்தேன். அதற்கடுத்த தடவையும். அவனுக்கு ஒரு பிடிவாதம் இருந்தால் எனக்கு இரண்டு இருக்கிறது. போன ஞாயிறு எடுத்தான். பாதி குடித்துவிட்டு வைத்தான்.

“சீனி சரியாடா?” என்று கேட்டேன்.

உள்ளே ஜன்னல் வழியாகத் தெரிந்த ஷாமளாவின் முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு இஞ்சினை அணைத்தான்.

“கொஞ்சம் கம்மி அத்தை” என்றான்.

சீனி எடுக்க உள்ளே வந்தேன். அவள் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள்.